பதினாறு வயதில் இரண்டு ஆட்டம்: எதை விடுவது, எப்போது?

உங்கள் மகன் அமெரிக்கப் பள்ளியில் குளிர்காலம் முழுக்கக் கூடைப்பந்தும், வசந்தத்தில் பேஸ்பாலும் ஆடுகிறான். பேஸ்பாலில் அவன் பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவன். "ஏதாவது ஒன்றை இப்போதே விடச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். விட வேண்டிய காலம் தானாக வரும். அதுவரை அவன் தோளையும் படிப்பையும் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை.

இரண்டையும் தொழிலாகவே ஆடியவர் ஜீன் கான்லி. உயரம் 6 அடி 8 அங்குலம். மில்வாக்கி பிரேவ்ஸ் பேஸ்பால் அணியோடு 1957இல் உலகத் தொடரை, அதாவது அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சப் பட்டத்தை, வென்றார். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியோடு 1959, 1960, 1961 என மூன்று என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பட்டங்கள். உலகத் தொடர், என்.பி.ஏ. என இரு பட்டங்களையும் வென்றவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவருக்கு ஓய்வு என்று ஒரு மாதம்கூடச் சரியாக அமையவில்லை. பேஸ்பால் பயிற்சி முகாம் பிப்ரவரி கடைசியில் தொடங்கும். கூடைப்பந்துக் கோப்பை ஆட்டங்களோ ஏப்ரல் வரை இழுக்கும். மற்ற பிட்ச்சர்கள் வாரக்கணக்கில் கையைப் பதப்படுத்திக்கொண்டு களமிறங்கும்போது இவர் கூடைப்பந்து மரத்தளத்திலிருந்து நேரே வருவார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நடுவில் சில ஆண்டுகள் அவர் கூடைப்பந்தை விட்டிருந்தார். 1958இல் பேஸ்பாலில் பிட்ச்சராக அவருக்கு ஒரு வெற்றியும் இல்லாமல் 6 தோல்வி. அதன் பிறகுதான் செல்டிக்ஸுக்குத் திரும்பினார், மூன்று பட்டங்களும் வந்தன. இரண்டாவது ஆட்டம் அவருக்குச் சுமையாக மட்டும் இருக்கவில்லை, விழுந்தபோது தாங்கியதும் அதுதான்.

இருந்தாலும் கான்லி விதிவிலக்கு. டேவ் டிபுஷர் 1962, 1963இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்குப் பந்து வீசினார், குளிர்காலத்தில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியில் கூடைப்பந்து. 24 வயதில் பிஸ்டன்ஸ் அவரை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஆக்கியது. சீக்கிரமே பேஸ்பாலை விட்டார். டிக் குரோட் மறுபக்கம் போனார். ஒரே ஒரு என்.பி.ஏ. சீசன், பிறகு பேஸ்பால் மட்டும். 1960இல் .325 பேட்டிங் சராசரியோடு, பேஸ்பாலின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த வீரர் விருது. இருவருமே முதலில் இரண்டையும் தொழில்முறையில் ஆடிப் பார்த்தார்கள், பிறகுதான் ஒன்றை விட்டார்கள்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. 15, 16 வயதுக்கு அமெரிக்க பேஸ்பால் அமைப்புகள் சொல்லும் எல்லை ஒரு நாளைக்கு 95 வீச்சு. 76-ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. வருடத்தில் நான்கு மாதம் போட்டியில் பந்து வீசக் கூடாது. அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகக் கையை உயர்த்தி எறியவே கூடாது. கூடைப்பந்து சீசன் இந்த ஓய்வை இலவசமாகவே தருகிறது. அதனால்தான் விடச் சொல்ல வேண்டாம் என்கிறேன். கெடுவது மார்ச்சில்தான். கூடைப்பந்து முடிந்த மறுவாரமே முழு வேகத்தில் வீசச் சொல்வார்கள்; மூன்று மாதம் வீசாத தோளும் முழங்கையும் அதைத் தாங்காது. கூடைப்பந்தின் கடைசி ஆட்டத்துக்கு ஆறு வாரம் முன்பே, வாரம் மூன்று நாள், குறுகிய தூரத்தில் மெதுவாக எறியத் தொடங்கட்டும். பள்ளி அணி, கிளப் அணி இரண்டிலும் வீசினால் எண்ணிக்கையை ஒரே நோட்டில் நீங்களே எழுதுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு இன்னொருவர் கணக்கு தெரியாது.

படிப்பில், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.யின் முதல் பிரிவில் (மிக உயர்ந்த நிலை) ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள் வேண்டும், அவற்றில் 10 பள்ளியின் கடைசி வருடம் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், மதிப்பெண் சராசரி 4-க்குக் குறைந்தது 2.3. பலர் தடுக்கி விழுவது அந்தப் பத்தில்தான்; பள்ளி ஆலோசகரிடம் இந்த வாரமே பட்டியலைச் சரிபாருங்கள்.

பள்ளி முடித்ததும் பேஸ்பால் டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், பெயர் வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டு முடியும்வரை, அல்லது 21 வயதுவரை, அடுத்த டிராஃப்டுக்குப் பொதுவாகக் காத்திருக்க வேண்டும். இரண்டாண்டுக் கல்லூரிக்கு அந்தத் தடை இல்லை. கையெழுத்திட்டால் கல்லூரி பேஸ்பால் போய்விடும். கல்லூரிக் கூடைப்பந்துக்கு அந்தக் கையெழுத்து மட்டும் தடையாகாது, ஆனாலும் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்திலேயே கல்லூரிக் கட்டணத்துக்கான தொகையையும் எழுதி வாங்குங்கள். முதல் ஒப்பந்தத்தில் விட்டால் பிறகு கேட்க முடியாது. ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுக்குள் படிப்பைத் தொடங்காவிட்டாலும் அந்தப் பணம் போய்விடும்.