ஒப்புகை அட்டை

அன்புள்ள ஐயா,

தைவான் சீனாவின் பகுதி என்று 1979-இலேயே ஒப்புக்கொண்ட அமெரிக்கா, அந்தத் துக்கடாத் தீவுக்கு இன்றும் ஆயுதம் விற்பது துரோகமல்லவா? போர் மூளுமா? சிப் விலை ஏறுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போரைப் பற்றி ஆரூடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சிப் விலையை வணிகப் பக்கங்களில் பாருங்கள். ஏறத்தாழ 2.3 கோடிப் பேர் வாழும் நிலத்தைத் துக்கடா என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஆனால் 'ஒப்புக்கொண்ட' என்ற சொல்லைத்தான் நானும் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பாகப்பிரிவினைத் தகராறில் சித்தப்பாவின் வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தபோது, ஒப்புகை அட்டையில் கையெழுத்திட்டால் நிலமே போய்விடுமோ என்று அஞ்சி, மூடி திறந்த பேனாவோடு அப்பா திண்ணையில் வெகுநேரம் நின்றார். "வாங்கிக்கொண்டதற்குத்தான் கையெழுத்து ஐயா, உள்ளே எழுதியிருப்பதற்கு அல்ல" என்றார் தபால்காரர்.

சீனாவோடு சேர்ந்து வெளியிட்ட 1972 ஷாங்காய் கூட்டறிக்கையில் அமெரிக்கா இட்டது அத்தகைய கையெழுத்துதான். சீனா ஒன்றே, தைவான் அதன் பகுதி என்று தைவான் ஜலசந்தியின் இரு கரைச் சீனர்களும் கருதுவதை அது 'அக்னாலெட்ஜ்' செய்தது, அதாவது அறிந்துகொண்டதாகச் சொன்னது. அதை எதிர்த்து வாதிடவில்லை என்றும் சொன்னது, ஆனால் தன் கருத்தாக ஏற்கவில்லை. இரு நாடுகளும் தூதரக உறவை அறிவித்த 1979 அறிக்கையின் ஆங்கில வடிவத்திலும் அதே வினைச்சொல்தான் இருக்கிறது. சீன வடிவத்திலோ ஏற்பு என்று பொருள்படும் 'செங்ரென்' இடம்பெற்றது. ஆங்கில வடிவமே தன்னைக் கட்டுப்படுத்தும் என்றது வாஷிங்டன். அதே ஆண்டு ஏப்ரலில், தைவானுக்குத் தற்காப்பு ஆயுதங்கள் வழங்க வகைசெய்யும் சட்டமும் வந்தது. இரு வல்லரசுகளும் இன்றுவரை பேசுவதும் முறுக்கிக்கொள்வதும் இந்த ஒரு சொல்லின் இடைவெளியில்தான்.

அந்த இடைவெளியை நான் பழிக்கமாட்டேன். சீனக் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், தைவானின் ஆட்சியில் உள்ள கின்மென் தீவின்மீது 1958-இல் 44 நாட்களில் சுமார் 4.7 லட்சம் குண்டுகள் விழுந்தன. பின்னர் ஒற்றைப்படை நாட்களில் மட்டும் சுடுவது என்ற விசித்திர வழக்கம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அமெரிக்காவும் சீனாவும் தூதரக உறவு தொடங்கிய 1979 ஜனவரி 1 அன்றுதான் சீனப் பீரங்கிகள் ஓய்ந்தன. அக்குண்டுகளின் எஃகில் அடித்த சமையல் கத்திகள் இன்றும் அங்கே விற்பனையாகின்றன.

இவ்வளவு உயிர்கள் தொங்கும் சொல்லை நம் செய்தியாளர்களும் நீங்களும் 'ஒப்புக்கொண்டது' என்று அலட்சியமாக எழுதுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். 1972, 1979, 1982 ஆகிய மூன்று கூட்டறிக்கைகளும் சிறியவை, ஒரு மாலைப்பொழுது போதும். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.