இரத்தப் புற்றுநோயைக் கண்டறியும் முறையைப் பயிற்சி மருத்துவர்களுக்கு இணையவழிக் கருவிகளால் கற்பிக்க முடியுமா?

முடியும். பினாங்கில் பயிற்சி மருத்துவர்களுக்கு இரத்த நோயியல் கற்பித்து வருகிறேன். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும், நுண்ணோக்கியைச் சுற்றி அமர்ந்து நடத்தும் வகுப்பு நின்றுபோனது. அப்போது வேறு வழியின்றித் தொடங்கிய இணையவழிப் பயிற்சியை இன்றும் கைவிடவில்லை. ஆனால் நான் முதலில் அதை அமைத்த விதம் தவறு.

பாடநூலில் காண்பது போன்ற தெளிவான படங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளைக் கொடுத்திருந்தேன். எல்லோரும் நல்ல மதிப்பெண் பெற்றார்கள். சில வாரங்களில் அவர்களுள் ஒருவர், காய்ச்சலோடு வந்த ஓர் இளைஞரின் இரத்தப் பூச்சில் (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிய இரத்தத்தில்) பெரிய செல்களைக் கண்டு லுக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோய் என்று எண்ணி, குடும்பத்தாரிடம் சொல்லியும் விட்டார். அது டிங்கி. அந்தத் தாய் அன்றிரவு பட்ட வேதனையில் எனக்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன். என் தொகுப்பில் புற்றுநோய் அல்லாத படம் ஒன்றுகூட இல்லை.

டிங்கி ஓயாத நம் நாட்டில் முதலில் கற்பிக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். டிங்கியால் தூண்டப்பட்ட லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் பெரிதாக, கருநீல விளிம்போடு, அருகிலுள்ள சிவப்பணுக்களை அணைத்தவாறு பரந்திருக்கும். ஆனால் ஒன்றைப் போல மற்றொன்று இராது. லுக்கீமியாவில் பெருகும் முதிராத பிளாஸ்ட் செல்களோ பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். உட்கரு செல்லை ஏறக்குறைய நிரப்பியிருக்கும், அதிலுள்ள மரபுப் பொருளான குரோமாட்டின் மென்மையாக இருக்கும். தட்டணுக்கள் இரண்டிலும் குறையும். எனினும் டிங்கியில் பிளாஸ்மா கசிவதால் ஹீமாட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறக்கூடும். கடும் லுக்கீமியாவில் பெரும்பாலும் இரத்தச்சோகையே காணப்படும்.

ஆகவே இப்போது தனிப் படங்களைத் தருவதில்லை. டிங்கி, லுக்கீமியா இரண்டையும் கலந்து, ஸ்கேன் செய்த முழு ஸ்லைடுகளையே தருகிறேன். பயிற்சியாளர் தாமே ஸ்லைடை நகர்த்தி, இரத்தமானால் 200 வெள்ளணுக்களையும் எலும்பு மஜ்ஜையானால் 500 செல்களையும் எண்ணி வகைப்படுத்த வேண்டும். அவர் ஒவ்வொரு செல்லுக்கும் இடும் பெயர் பதிவாவதால், ஒரே செல்லைப் பற்றி எத்தனை பேர் எப்படி மாறுபட்டார்கள் என்பதை மறுநாள் அனைவரும் சேர்ந்து பார்க்கிறோம். தம் கருத்தை எழுதிய பிறகே செல்களின் புரத அடையாளங்களைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முடிவும் மரபணு முடிவும் திறக்கும்.

இவற்றுள் நான் மிகுந்த நேரம் ஒதுக்குவது புரோமைலோசைட்டிக் லுக்கீமியாவுக்கு. உள்ளே ஊசி போல் தெரியும் ஔவர் குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்ட செல்லைக் கண்டவுடன் மூத்த மருத்துவரை அழைக்க வேண்டும். 15, 17ஆம் குரோமோசோம்களின் இடமாற்றம் உறுதியாகும்வரை காத்திராமல் ரெட்டினோயிக் அமில மருந்தைத் தொடங்க வேண்டும். தாமதித்தால் முதல் சில நாட்களிலேயே இரத்தப்போக்கு உயிரைப் பறித்துவிடலாம். காத்திருப்பதாகத் தேர்ந்தெடுப்பவருக்கு, இரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜென் சரிந்த அறிக்கை அடுத்த திரையில் வரும். அதைப் பார்த்தவர்கள் மறுமுறை காத்திருப்பதில்லை.

கருவியால் இயலாததும் உண்டு. ஸ்கேன் செய்த ஸ்லைடு பெரும்பாலும் ஒரே குவியத் தளத்தைத்தான் காட்டும். திருகைத் திருப்பி, செல்லின் ஆழத்தில் மேலும் கீழும் தேட முடியாது. அதனால் வாரத்தில் ஒரு நாள் ஆய்வகத்தில் அவர்களே பூச்சு இழுத்து, சாயமேற்றி, எண்ணெய் வில்லையில் பார்க்கிறார்கள். தடித்த பகுதியில் செல்லின் வகையைத் தீர்மானிக்கக் கூடாது என்று நான் திரையில் பலமுறை சொல்லியும் பதியாதது, தாம் இழுத்த பூச்சு சரியாகப் பரவாமல் போன அன்றுதான் அவர்களுக்கு உறைக்கிறது.