மூடுபனியில் கரடி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: மூடுபனிக் காலையில் எடுத்த என் கரடிப் படங்கள் எல்லாம் சாம்பல் பூசியது போல மங்கலாக இருக்கின்றன. கேமராவில் கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. காட்சி முழுக்க வெளிறி இருப்பதால், கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் அதை நடுத்தரச் சாம்பலுக்கு இறக்கிவிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, நீங்கள்தான் ஏற்ற வேண்டும். எக்ஸ்போஷர் திருத்த அளவை நான் பிளஸ் 0.7-இல் தொடங்குவேன், பனி அடர்த்தியாக இருந்தால் பிளஸ் 1.3 வரை போவேன். ஹிஸ்டோகிராம் (இருள் இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் வரைபடம்) வலது பக்கம் நகரட்டும், ஆனால் ஓரத்தில் முட்டக் கூடாது. கரடி ஃபிரேமை நிறைக்கும் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தால் கதை வேறு. கறுத்த ரோமத்தைப் பார்த்து மீட்டரே வெளிச்சத்தைக் கூட்டும், அப்போது நீங்களும் ஏற்றினால் பின்னணிப் பனி வெளுத்துப் போய்விடும்.

கேள்வி: ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது. கரடி நடந்து போன பிறகுதான் பிடிக்கிறது.

பதில்: ஃபோகஸ் பிடிக்க ஒளி வேறுபாடு வேண்டும்; மூடுபனி அதைத்தான் தின்றுவிடுகிறது. ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கரடியின் உடம்பு நடுவில் வைக்காமல், காது அல்லது முதுகின் விளிம்பு வெண்மையைத் தொடும் இடத்தில் வையுங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியை நம்ப வேண்டாம். கறுத்த முகத்தில் சின்னக் கண், பனியில் அதற்குப் பிடிபடாது. ஒருமுறை பிடித்ததும் அப்படியே நிறுத்திக்கொள்ள, ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்க பட்டனுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 400 மி.மீ. லென்ஸ். இன்னும் நீளமானது வாங்கினால் தெளிவு கூடுமா?

பதில்: கூடாது. உங்களுக்கும் கரடிக்கும் நடுவே மிதக்கும் நீர்த்துளிகளை லென்ஸால் விலக்க முடியாது. அது கரடியோடு சேர்த்து அந்தத் திரையையும் பெரிதாக்கும். இது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. பின்லாந்தின் கிழக்கு எல்லைப் பக்கம், ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்து மறைவிடத்தில் ஜூலை மாத இரவு ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். அங்கே அந்த மாதத்தில் இரவு முழுதாக இருட்டாது. பனிக்குள் முதலில் ஒரு கறை, பிறகு ஒரு முதுகு, அப்புறம் தலை. 500 மி.மீ.-இல் எடுத்த எல்லாமே பஞ்சு போல வந்தன. கடைசியில் 70-200 மி.மீ. லென்ஸை மாட்டினேன். கிட்டே இருந்த பைன் மரம் கறுப்பாக, அடுத்தது சாம்பலாக, அதற்கும் பின்னால் இருந்தது ஏறக்குறைய வெள்ளையாக வரிசை கட்டி நின்றன. அவற்றுக்கு நடுவே கரடி சின்னதாக நடந்து போனது. வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

மூடுபனியில் ரோமத்தின் இழையைத் தேடாதீர்கள். கரடியின் உருவக்கோடும் தூரமும்தான் அங்கே படம். அதனால் அது பக்கவாட்டில் திரும்பும் வரை பொறுங்கள். நேருக்கு நேர் நின்றால் வெறும் உருண்டை. பக்கவாட்டில் மூக்கும் தோள் திமிலும் தெரியும்போதுதான் அது பழுப்புக் கரடி.

கேள்வி: அப்படியானால் இன்னும் கிட்டே போய் எடுத்தால் பனித்திரை குறையுமே?

பதில்: குறையும். ஆனாலும் போகாதீர்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடியிடமிருந்து 91 மீட்டராவது விலகி இருக்க வேண்டும் என்பது விதி. அலாஸ்காவின் டெனாலி பூங்காவில் அது சுமார் 275 மீட்டர். பார்வை அந்தத் தூரத்துக்கே எட்டாத பனியில், விதியைக் காப்பாற்றுகிறோமா என்று உங்களுக்கே தெரியாது. குட்டிகளோடு இருக்கும் தாய்க்கரடியைத் திடுக்கிட வைப்பதைவிட ஆபத்தானது வேறு இல்லை. பனி விலகும் வரை ஒரே இடத்தில் இருங்கள். நடந்தே ஆக வேண்டுமென்றால் பேசிக்கொண்டே நடங்கள், ஓடை இரைச்சல் இருந்தால் இன்னும் உரக்க. கரடித் தெளிப்பான் (கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரே) இடுப்பில் இருக்கட்டும், பைக்குள் அல்ல. அது எட்டுவது சுமார் 10 மீட்டர்தான். எதிர்காற்றில் உங்கள் முகத்துக்கே திரும்பி வரும்.

மேய்வதை நிறுத்தி உங்களையே பார்த்தாலோ, தாடையை டக் டக்கென்று அடித்தாலோ, எச்சில் ஒழுகினாலோ கரடி பதற்றத்தில் இருக்கிறது. மெதுவான குரலில் பேசியபடி பின்வாங்குங்கள். ஓட வேண்டாம், அது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும்.

கேள்வி: மூடுபனி வருமா என்று முந்தின நாளே கணிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். மேகமில்லாத, காற்றில்லாத இரவு; ஈரமான தரை; வானிலைக் கணிப்பில் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இடையே இரண்டு டிகிரிக்கும் குறைவான வித்தியாசம். இவை சேர்ந்தால் சதுப்பு, ஏரிக்கரை, ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் எதிர்பார்க்கலாம். சூரிய உதயத்தை ஒட்டி அடர்த்தி அதிகம். அது கலையத் தொடங்கும் நேரத்தை விடாதீர்கள். சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவே கரடி வந்தால் ரோமத்தின் ஓரமெல்லாம் ஒளிக்கோடு, மூச்சுக்காற்று கூடத் தெரியும்.

கேள்வி: லென்ஸே பனி பிடித்துவிடுகிறது.

பதில்: லென்ஸின் முன்னால் மாட்டும் ஹுட் எனும் வளையத்தை எப்போதும் மாட்டியிருங்கள், காய்ந்த துணி இரண்டு வையுங்கள். குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குக் கொண்டுபோகும் முன் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள்.

கேள்வி: எடிட்டிங்கில் பனியை நீக்கும் ஸ்லைடரை எவ்வளவு இழுக்கலாம்?

பதில்: முழுப் படத்துக்கும் வேண்டாம். கரடியை மட்டும் தேர்ந்தெடுத்து மாஸ்க் போட்டு, பத்துக்குள் நிறுத்துங்கள். விடியலின் லேசான நீலத்தையும் திருத்தாமல் விட்டுவிடுங்கள், அந்த நேரத்து வெளிச்சம் அப்படித்தான் இருந்தது.