கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளை பேஸ்போல் போட்டிக்கு எப்படித் தயார்ப்படுத்துவது?

அணியில் எல்லோரும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள், கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்கள், அடுத்த மாதம் முக்கியமான போட்டி, எதற்கு முதலிடம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எறிவதற்கு. அடிப்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் கிரிக்கெட்டில் மோதிவரும் யாழ்ப்பாணத்தில் மட்டை பிடிக்கத் தெரியாத பிள்ளை ஏது?

முற்றவெளி மைதானத்தில் மாலைப் பயிற்சியின்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: உருண்டு வரும் பந்தை அழகாகக் குனிந்து எடுப்பார்கள், எடுத்த வேகத்தில் முதலாம் பேஸின், அதாவது அடித்தவன் முதலில் ஓடிச் சேர வேண்டிய தளத்தின், அடியைப் பார்த்து எறிவார்கள். அங்கே ஸ்டம்ப் நடப்பட்டிருப்பதாகக் கை நினைத்துக்கொள்கிறது! பேஸை மிதித்தபடி நிற்கும் நம் வீரன் பந்தைப் பிடித்தாலே அடித்துவிட்டு ஓடி வருபவன் ஆட்டமிழந்துவிடுவான். ஆகவே குறி அவனுடைய நெஞ்சு. பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். நெஞ்சுக்குக் கீழே போன பந்து கணக்கில் சேராது என்று சொல்லிவிடுங்கள். முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

உயரப் போகும் பந்துகளையும் காற்றுள்ள மாலைகளில் பிடிக்க வையுங்கள். சோழகம் வீசும் நாளில் பந்து எங்கே இறங்கும் என்பது பந்துக்கே தெரியாது.

ஓட்டத்தில் ஒரு பழைய பழக்கம் குறுக்கே நிற்கும். கோட்டுக்குள் மட்டையைத் தேய்த்துப் பழகியவர்கள் மட்டையோடே ஓடுவார்கள், பேஸை நெருங்கும்போது வேகத்தையும் குறைப்பார்கள். அடித்ததும் மட்டையைக் கீழே போட வேண்டும். வீசி எறிந்தால் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முழங்கால் போய்விடும். முதலாம் பேஸ் வரையான 27.43 மீட்டரையும் முழு வேகத்தில் ஓடி, மிதித்துத் தாண்டிப் போகலாம். இரண்டாம், மூன்றாம் பேஸில் அந்தச் சலுகை கிடையாது.

வேகப்பந்து வீச்சாளனைப் பிட்சராக்க, அதாவது அடிப்பவனுக்குப் பந்து எறிபவனாக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. முழங்கையை நீட்டி வீசியவனுக்கு மடக்கி எறிவது புது வேலை. அதைவிட, எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட்காப்பாளரின் கைக்கு நேராக எறிகிறவனைத் தேடிப் பிடியுங்கள். கிடைத்ததும் அவனைப் பிழிந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்போல் அமைப்பின் விதிப்படி 13 முதல் 16 வயது வரை ஒரு நாளில் 95 எறிதல்தான் உச்சம். 14 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் 66ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. "சேர், இன்னும் பத்து" என்று கெஞ்சுவான், இரங்காதீர்கள். இரண்டாவது பிட்சர் ஒருவனையும் இந்த வாரமே பழக்கத் தொடங்குங்கள்.