நினைவேந்தலா, நினைவஞ்சலியா?

கேள்வி: என் தந்தையார் மறைந்து ஓராண்டு நிறைவடைகிறது. அழைப்பிதழில் ‘நினைவேந்தல்’ என்று அச்சிட எண்ணினோம். தமிழாசிரியராக இருந்த என் பெரியப்பா, “ஏந்தல் என்றால் அரசன், அது பொருந்தாது, நினைவஞ்சலி என்றே போடுங்கள்” என்கிறார். எது சரி? இதற்குப் பழந்தமிழில் சொல் உண்டா?

பதில்: தங்கள் பெரியப்பா கூறும் பொருள் உண்மையானதுதான். உயர்ந்தவனையும் அரசனையும் ‘ஏந்தல்’ என்று அழைக்கும் வழக்கு தமிழில் உண்டு. ஆனால் ‘நினைவேந்தல்’ என்பதில் இருப்பது அந்த ஏந்தல் அன்று. ‘ஏந்து’ என்னும் வினையடியோடு ‘அல்’ விகுதி சேர்ந்த தொழிற்பெயர். ‘தோன்றல்’ என்னும் சொல் தோன்றுதலையும் குறிக்கும், தலைவனையும் குறிக்கும். அதற்காக, காட்சியில் தோன்றுவதைத் ‘தோன்றல்’ என்று எழுதியவரை யாரும் திருத்துவதில்லை. இங்கும் நிலைமை அதுவே.

ஏந்துதல் என்பது வெறுமனே பிடித்துக்கொள்வது அன்று. குழந்தையையும் விளக்கையும் ஏந்துகிறோம். புகழைத் தாங்கியவர் புகழேந்தி. தாழவிடாமல், கவனத்தோடு தாங்குதல் என்னும் குறிப்பு அந்த வினையிலேயே இருக்கிறது. சொற்கள் சேரும் முறையாகிய புணர்ச்சியிலும் குறையில்லை. ‘நினைவு’ என்பதன் ஈறு முற்றியலுகரம், அதாவது குறுகாமல் முழுமையாக ஒலிக்கும் உகரம். குறுகி ஒலிக்கும் குற்றியலுகரத்தைப் போல அதுவும் சில இடங்களில், அடுத்து உயிரெழுத்து வரும்போது கெடும் என்பதை நன்னூல் ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்று சொல்லிவிடுகிறது. ஆகவே சேர்த்தே எழுதலாம்.

‘அஞ்சலி’ வடசொல். உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்துக் குவித்த நிலையே அதன் முதற்பொருள். அதிலிருந்து வணக்கம் என்றாயிற்று. சாவுக்கும் அதற்கும் தொடக்கத்தில் தொடர்பே இல்லை. நாட்டிய மேடையில் ஆடப்படும் புஷ்பாஞ்சலியை எவரும் துக்கமாகக் கருதுவதில்லை. சுவரொட்டிகளின் ‘கண்ணீர் அஞ்சலி’தான் அந்தச் சொல்லுக்குக் கறுப்புக் கரை கட்டிவிட்டது.

பழந்தமிழைப் பொறுத்தவரை, ‘நினைவேந்தல்’ இக்காலத்துக் கூட்டுச்சொல்லே. தலைவனை இழந்தோர் செயலற்று வருந்திப் பாடுவதைக் ‘கையறுநிலை’ என்றனர்; பாரி மகளிர் பாடிய ‘அற்றைத் திங்கள்’ (புறநானூறு 112) அத்துறையை, அதாவது அந்தப் பாடுபொருள் வகையைச் சேர்ந்தது. வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுக்கிறது. இவற்றுள் என் மனம் நிற்பது புறநானூறு 232-ஆம் பாட்டில். அதியமானின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றும்போது, நாடே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று ஔவையார் கேட்கிறார். இருந்தும், அந்தப் பழஞ்சொற்களில் எதுவும் ஓராண்டு நிறைவு அழைப்பிதழுக்கு ஒத்துவராது. கையறுநிலை என்பது பாட்டின் துறை. நடுகல் வீரனுக்கு உரியது. இறந்தோரைக் குறித்து ‘நீத்தார் நினைவு நாள்’ என இன்று எழுதுகிறோம். திருக்குறளின் ‘நீத்தார் பெருமை’யோ துறவியரைப் பற்றியது.

உறவினரும் நண்பரும் கூடித் தந்தையாரைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்றால் ‘நினைவேந்தல்’ என்றே அச்சிடுங்கள். நாளிதழில் படத்தோடு நான்கு வரி விளம்பரம் மட்டும் என்றால் ‘நினைவஞ்சலி’ போதும், அதிலும் பிழையில்லை. ‘இரங்கல்’ இறப்பை அடுத்த நாள்களுக்கு உரியது. ஓராண்டு கழித்து வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: அஞ்சலியைச் செலுத்தலாம், நினைவேந்தலைச் செலுத்த முடியாது. அச்சகத்தில் பழக்கத்தால் ‘நினைவேந்தல் செலுத்த அழைக்கிறோம்’ என்று கோத்துவிடுவார்கள். ‘முதலாம் ஆண்டு நினைவேந்தலில் பங்கேற்க அன்புடன் அழைக்கிறோம்’ என்று எழுதிக் கொடுத்து, மெய்ப்பை வாங்கிப் பெரியப்பாவிடமே திருத்தக் கொடுங்கள்.