நாற்பது டிரஸ்ட், உங்கள் கையெழுத்து: ஒப்புக்கொள்ளலாமா?

சி.ஏ. முடித்து இரண்டு வருடமான, ஊரில் தனியாக அலுவலகம் போட்டிருக்கும் ஓர் இளம் ஆடிட்டர் கேட்டிருக்கிறார். ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. பயிற்சி) செய்த இடத்தில் நூல் மில், சாயப்பட்டறைக் கணக்குகள் மட்டும்தான் பார்த்திருக்கிறார். டிரஸ்ட் கணக்கைத் தொட்டதில்லை. இப்போது 'டிரஸ்ட் கன்சல்டன்ட்' ஒருவர் வந்து, பள்ளி, கல்லூரி, முதியோர் இல்லம் என்று தன்னிடம் நாற்பது டிரஸ்ட் இருப்பதாகச் சொல்கிறார். கணக்கு எழுதுவது, ஃபார்ம் போடுவது எல்லாம் அவர் பாடு. ஆடிட் அறிக்கையில் கையெழுத்து மட்டும் இவர் போட வேண்டும். கட்டணத்தில் அறுபது அவருக்கு, நாற்பது இவருக்கு. மாதிரிக்கு மூன்று டிரஸ்டுக்காகத் தன் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை இவர் அவரிடம் கொடுத்தும் விட்டாராம். "இந்தத் துறைக்குள் நுழைய இது நல்ல வழியா சார்? இதை நம்பி ஒரு தொழில் நடத்த முடியுமா?"

முதல் கேள்விக்கு, வேண்டாம். இரண்டாவதுக்கு, முடியும், நன்றாகவே முடியும். ஆனால் அந்த மனிதர் காட்டும் வாசல் வழியாக முடியாது.

நீங்களே பரீட்சைக்குப் படித்த விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன். சி.ஏ. அல்லாத ஒருவருக்குத் தொழில் வருமானத்தில் பங்கு கொடுப்பதும், அப்படிப்பட்டவர் மூலமாக வாடிக்கையாளரைப் பிடிப்பதும் 1949-ஆம் ஆண்டு சி.ஏ. சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே நடத்தைக் குற்றம். பார்க்காத கணக்குக்குக் கையெழுத்துப் போடுவது இரண்டாம் அட்டவணையில் வருகிறது, அது இன்னும் கனமானது. இது போக வருமான வரிச் சட்டத்தின் 271ஜே பிரிவு இருக்கிறது. அறிக்கையில் தவறான தகவல் கொடுத்த கணக்காளருக்கு, ஒவ்வோர் அறிக்கைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். பணம் பெரிதில்லை. ஆனால் ஒவ்வோர் அறிக்கைக்கும் ஆடிட்டர் உருவாக்கும் அந்த 18 இலக்க அடையாள எண், யூடிஐஎன், உங்கள் பெயரில் நிற்கும், கன்சல்டன்ட் பெயரில் நிற்காது. நாளைக்கு அந்தத் தாளாளர் வீட்டில் சோதனை நடந்தால் முதல் சம்மன் வருவது உங்களுக்கு.

ஒன்று கவனியுங்கள். டிரஸ்டின் ஆடிட் அறிக்கையை (10பி, 10பிபி) நீங்கள் உங்கள் லாகினில் நுழைந்து, உங்கள் டோக்கனைச் செருகித்தான் ஏற்ற முடியும். அதனால்தான் அவர் முதலில் டோக்கனைக் கேட்டார். "நீங்கள் அலைய வேண்டாம் மேடம், இங்கேயே இருக்கட்டும்" என்றுதான் சொல்லியிருப்பார்.

இந்த இடைத்தரகர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முப்பது வருடமாக இவர்கள் விட்டுப்போன குப்பையை அள்ளிக்கொண்டிருப்பவன் நான்.

புதிதாக ஒரு டிரஸ்ட் தொடங்கியவுடன் 12ஏபி (டிரஸ்டுக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) பதிவு வாங்கித் தருகிறேன் என்று வந்து நிற்பார்கள். "சென்னையில் ஆள் இருக்கிறார், உள்ளே கொஞ்சம் கொடுக்க வேண்டும்" என்பார்கள். புது டிரஸ்டுக்குக் கிடைப்பது மூன்று வருடத் தற்காலிகப் பதிவு. அதை எந்த அதிகாரியும் விசாரிப்பதில்லை, ஃபார்ம் 10ஏ சரியாகப் போட்டால் கணினியிலிருந்து தானாகவே வந்துவிடும், அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. வந்த உத்தரவை லேமினேட் செய்து கொடுத்து, பெரிய தொகை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உண்மையான விசாரணை அதற்கப்புறம் முழுப் பதிவுக்குப் போகும்போதுதான். தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் முன்பு, அல்லது பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள், எது முந்தியோ அதற்குள் ஃபார்ம் 10ஏபி போட வேண்டும். அந்த நேரத்தில் போன் எடுக்க மாட்டார்கள்.

இதைவிட மோசம், வருமான வரிப் போர்ட்டலில் தன் மின்னஞ்சலையும் தன் மொபைல் எண்ணையும் பதிந்து வைத்துக்கொள்வது. எல்லா நோட்டீசும் இப்போது மின்னஞ்சலில்தான் வருகிறது. என்னிடம் வந்த ஒரு நர்சிங் கல்லூரிக்கு நான்கு நோட்டீஸ் போயிருக்கிறது. தாளாளருக்கு ஒன்றும் தெரியாது. பழைய கன்சல்டன்டோடு சம்பளத் தகராறு, அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பதில் வராததால் ஒருதலையாக உத்தரவு போட்டு, வங்கிக் கணக்கை முடக்கி, சம்பள நாளன்றுதான் அந்த அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது. அதனால் எந்த டிரஸ்டை ஏற்றுக்கொண்டாலும் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம் தணிக்கைச் சான்று இல்லை. போர்ட்டலில் யாருடைய போன் எண் இருக்கிறது என்று பாருங்கள்.

கேபிடேஷன் விஷயம் வேறு இருக்கிறது. சீட்டுக்காக வாங்கும் பணத்துக்குத் தமிழ்நாட்டில் 1992-லிருந்து தடைச் சட்டமே உண்டு. அந்தப் பணத்தை 'கட்டட நன்கொடை' என்று எழுதி, கொடுத்தவர் பெயர் வேண்டுமே என்று வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்துப் போட்ட பட்டியலை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயர், முகவரி இல்லாத நன்கொடைக்கு 115பிபிசி பிரிவில் முப்பது சதவீத வரி (ஒரு லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் ஐந்து சதவீதம், இதில் எது அதிகமோ அதற்கு மேலான தொகைக்கு), அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்த வேலை. அதில் கையெழுத்துப் போட்டவரும் உங்களைப் போல ஒரு இளம் ஆடிட்டர். அந்த நாற்பதில் இப்படி எத்தனை என்று உங்களுக்குத் தெரியாது, அவர் சொல்லவும் மாட்டார்.

சரி, துறையைப் பற்றிப் பேசுவோம். உங்களுக்கு வரப்போகும் முதல் பத்துக் கேள்வியில் ஐந்து, "எங்களுக்கு அஞ்சு கோடிக்குள்தானே, எங்களுக்கு எதுவும் வேண்டாமே?" என்றுதான் இருக்கும். இதில் நான் கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு தரகர்கள் போடும் குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை.

ஐந்து கோடி என்ற எண் மூன்று இடத்தில் வருகிறது, மூன்றும் வேறு வேறு. ஒன்று, 10(23சி) பிரிவின் விலக்கு. கல்வி நிறுவனத்தின் ஆண்டு வரவு ஐந்து கோடிக்குள் இருந்தால் பதிவே இல்லாமல் வரி விலக்கு. முன்பு ஒரு கோடியாக இருந்ததை 2021 நிதிச் சட்டம் உயர்த்தியது. ஆனால் உயர்த்தும்போதே, ஒரு டிரஸ்ட் நடத்தும் எல்லாப் பள்ளி, கல்லூரி வரவையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்றும் எழுதிவிட்டார்கள். பள்ளியில் மூன்று கோடி, கலைக் கல்லூரியில் இரண்டரைக் கோடி என்றால் கூட்டி ஐந்தரை, இரண்டுக்குமே விலக்கு போயிற்று. அதிலும் இது வரவுக் கணக்கு, மிச்சத்தின் கணக்கு இல்லை. ஐந்தரைக் கோடி வந்து ஐந்தரைக் கோடியும் செலவாகியிருந்தாலும் இந்த விலக்குக்குள் வராது. அப்புறம், 'கல்விக்காக மட்டுமே' என்ற சொல். 2022 அக்டோபர் 19 அன்று நியூ நோபிள் எஜுகேஷனல் சொசைட்டி வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்தச் சொல்லுக்குக் கல்வி, கல்வி மட்டும்தான் என்று கறாராகப் பொருள் சொல்லிவிட்டது. நம் ஊர் டிரஸ்ட் பத்திரங்களில் கல்வி, மருத்துவ உதவி, ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி, அன்னதானம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பார்கள். எழுதினவருக்கு நல்ல மனசு, ஆனால் இந்த விலக்கைக் கேட்கும்போது அந்த வரிகளே காலை வாரும். இரண்டாவது இடம், ஆடிட் ஃபார்ம். 12ஏபி பதிவுள்ள டிரஸ்டுக்கு விலக்குக்கு முந்தைய வருமானம் ஐந்து கோடியைத் தாண்டினால் 10பி, இல்லையென்றால் 10பிபி. ஆனால் வெளிநாட்டு நன்கொடை ஒரு ரூபாய் வந்தாலும் 10பிதான். மூன்றாவது, 2025-லிருந்து வந்தது: விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டிலும் வருமானம் ஐந்து கோடிக்குள் இருந்தால் பதிவு ஐந்து வருடத்துக்குப் பதில் பத்து வருடம். பத்து வருடம் கிடைக்கும் என்பதற்கும் பதிவே வேண்டாம் என்பதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் "அஞ்சு கோடிக்குள் ஃப்ரீ" என்று ஒரே வாக்கியமாக விற்கிறார்கள்.

இதில் அரசாங்கத்தின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். 2021-இல் நாட்டிலுள்ள பழைய டிரஸ்டுகள் அத்தனையும் மறுபடி பதிய வேண்டும் என்று கொண்டுவந்து, கடைசித் தேதியை நீட்டி நீட்டி 2024 ஜூன் 30 வரை இழுத்தார்கள். ஃபார்மில் பிரிவுக் குறியீடு ஒன்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததற்காக ஐம்பது வருட விடுதிப் பள்ளிகளின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார்கள். பிறகு அதைச் சரிசெய்ய ஒரு சுற்றறிக்கை. பதிவைப் புதுப்பிக்கத் தவறினால் 115டிடி பிரிவில், கடனைக் கழித்து மிஞ்சும் சொத்தின் இன்றைய மதிப்புக்கு உச்சபட்ச விகிதத்தில் வரி. முப்பது வருடம் முன்பு பொட்டல் காட்டில் வாங்கிய பத்து ஏக்கருக்கு இன்று என்ன மதிப்பு என்று யோசியுங்கள், ஒரு தேதியை மறந்ததற்குக் கல்லூரியையே விற்க வேண்டும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமே 2024 அக்டோபரில்தான் வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வேறு. நான் இங்கே சொல்லும் பிரிவு எண்களும் ஃபார்ம் எண்களும் பழைய சட்டத்தின் எண்கள், 2025-26 வரைக்கான கணக்குக்கு அவைதான். எழுதப் படிக்கத் தெரிந்த தாளாளரே விழிபிதுங்குகிறார். இந்தக் குழப்பத்தில்தான் தரகர் குடியிருக்கிறார்.

நீங்கள் உள்ளே வர வேண்டிய வழி வேறு. ஒரே ஒரு சிறிய பள்ளியையோ கல்லூரியையோ எடுத்துக்கொள்ளுங்கள். நேராகத் தாளாளரிடம் பேசி, கட்டணத்தை அவரிடமே வாங்குங்கள். முந்தைய ஆடிட்டருக்கு முதலில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஜூன் மாதம் ஒரு வாரம் ஃபீஸ் கவுண்டருக்குப் பின்னால் உட்காருங்கள். ரசீதுப் புத்தகம் எத்தனை, பஸ் கட்டணம் எந்தக் கணக்கில் போகிறது, விடுதி மெஸ் ரொக்கம் யார் கையில், அறங்காவலரின் மைத்துனர் கட்டடத்துக்கு மாத வாடகை எவ்வளவு, எல்லாம் அங்கே தெரிந்துவிடும். டிரஸ்ட் பணம் அறங்காவலரின் உறவினருக்கு ஆதாயமாகப் போவதைப் பிடிக்கும் 13-ஆம் பிரிவில் மாட்டும் டிரஸ்டுகளில் பெரும்பாலானவை இந்த மைத்துனர் வாடகையில்தான் மாட்டுகின்றன.

உங்களால் கல்லூரிக்கு உண்மையாகப் பணம் மிச்சப்படும் இடங்களும் சின்னச் சின்னவைதான். வரி விலக்குக்கு வருமானத்தில் 85 சதவீதம் செலவாகியிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கௌரவ விரிவுரையாளருக்கு டிடிஎஸ் பிடிக்காமல் கொடுத்தால் அந்தத் தொகையில் முப்பது சதவீதம் செலவாகவே எண்ணப்படாது, ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததும் எண்ணப்படாது, இன்னொரு டிரஸ்டுக்குக் கொடுத்த நன்கொடையில் 85 சதவீதம்தான் எண்ணப்படும் என்பது பல தாளாளர்களுக்குத் தெரியாது. ஜிஎஸ்டியில், வெளி ஒப்பந்தக்காரர் ஓட்டும் பஸ், கேன்டீன், காவல் இவற்றுக்கு மேல்நிலைப் பள்ளி வரை விலக்கு, கல்லூரிக்குக் கிடையாது. இரண்டையும் ஒரே வளாகத்தில் நடத்தும் டிரஸ்டில் பில்லைப் பிரிக்காமல் வைத்திருப்பார்கள். இதைப் பிரித்துக் கொடுத்த வருடமே அவர்கள் உங்களை விட மாட்டார்கள். ஒரு தாளாளர் இன்னொரு தாளாளரிடம் சொல்வார். எனக்கு முதல் ஐந்து கல்லூரிகள் வர ஆறு வருடம் ஆயிற்று, அந்த ஐந்தில் நான்கு இன்னும் என்னிடம் இருக்கின்றன.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வீட்டில் உங்களைப் பார்க்க முடியாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மிச்சப் பணத்தை ஒதுக்கி வைக்கும் ஃபார்ம் 10 ஆகஸ்ட் 31, ஆடிட் அறிக்கை செப்டம்பர் 30, டிரஸ்டின் வருமான வரிக் கணக்கான ஐடிஆர்-7 அக்டோபர் 31. மூன்றும் வரிசையாக வரும்.

இப்போது அந்த மூன்று டிரஸ்ட். இன்றைக்கே போய் டோக்கனை வாங்குங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். யூடிஐஎன் தளத்தில் உங்கள் லாகினில் நுழைந்து, இதுவரை உங்கள் பெயரில் எத்தனை எண் உருவாகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் போடாத எண் எதுவும் இருந்தால் காரணம் எழுதி ரத்து செய்ய முடிகிறதா என்று பாருங்கள். வருமான வரிப் போர்ட்டலில் உங்கள் லாகின் வழியாக ஏற்றிய ஃபார்ம்களையும் பாருங்கள். பிறகு மூன்று தாளாளர்களையும் நேரில் சந்தித்து, கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் முதலிலிருந்து ஆடிட் செய்யுங்கள், கட்டணத்தை அவர்களே உங்கள் கணக்கில் போடட்டும். காட்ட மறுத்தால் விலகுகிறேன் என்று ஸ்பீட் போஸ்டில் எழுதி அனுப்பி, கிடைத்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.