கேள்வி – பதில்: கேம்பர் வேன்களைக் கூட்டமாக எங்கே நிறுத்துவது?

கேள்வி: அண்ணா, நாங்கள் அவினாசி, பல்லடம் பக்கத்து நண்பர்கள். எல்லோரிடமும் ஃபோர் பை ஃபோர் கேம்பர் வண்டி இருக்கிறது, நாலு சக்கரமும் இழுக்கும், உள்ளேயே படுத்துச் சமைத்துக்கொள்ளலாம். சிலது கூர்க்கா ஜீப், சிலது பின்னால் பெட்டி கட்டிய பிக்கப். மொத்தம் ஒன்பது. பொங்கல் லீவில் பர்கூர் மலையில் ஓடையோரமாக இரண்டு ராத்திரி தங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
– வாசகர், அவினாசி

பதில்: தம்பி, அந்த ஓடையை விட்டுவிடுங்கள். பர்கூர் மலையும் சேர்ந்த அந்தியூர், கோபி வட்டத்து மலைக்காடு 80 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் 2024 ஜனவரியில் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டது. அதை ஒட்டிய சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம். பொள்ளாச்சிக்குத் தெற்கே போனால் ஆனைமலைக் காப்பகம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் குற்றம், தீ மூட்டுவதும் குற்றம். ரோடு உள்ளே போகிறதே என்று சிலர் கேட்பார்கள். ரோட்டில் போய்வரலாம், அவ்வளவுதான், ரோட்டை விட்டு இறங்கி டயர் பதிக்கிற உரிமை அதில் வராது.

சட்டத்தை விடுங்கள். தை மாசம் மலையில் புல் காய ஆரம்பித்துவிடும், யானைக்குத் தண்ணீர் அந்த ஓடையில்தான், அதுவும் பொழுது சாய்ந்த பிறகுதான் இறங்கும். ஒன்பது வண்டி விளக்கைப் போட்டு அந்தக் கரையில் நின்றால் அது எங்கே போகும்? சோளக்காட்டுக்குள் இறங்கும், மறுநாள் அடி வாங்குவது அந்த ஊர்க்காரர்.

ஆத்து மணலில் இறங்கி நிறுத்தலாமா என்று அடுத்த கேள்வி வரும், அதுவும் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் பவானி ஆறு சாதுவாகத் தெரியும், மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் அரை மணி நேரம் முன்னால் கால் நனைத்த இடத்தில் ஆள் நிற்க முடியாது. அங்கே போன உயிர்கள் கொஞ்சம் இல்லை.

எங்கேதான் போவது? பட்டா நிலத்துக்குப் போங்கள், சொந்தக்காரரைக் கேட்டுக்கொண்டு. நம் பக்கத்தில் அதற்கு என்ன குறைச்சல்? காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் சுற்றி மாடு மேய வேலி கட்டி விட்ட கொறங்காடு எத்தனை இருக்கிறது! முள்ளுக்கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், கண்ணுக்கு எட்டியவரை கொழுக்கட்டைப்புல், மேலே தடையில்லாத வானம். ராத்திரி நட்சத்திரம் பார்க்க அதைவிட நல்ல இடத்துக்கு நான் எங்கே போவேன். போகிற வழியும் உங்கள் வண்டிக்கு ஏற்ற வழிதான், இரண்டு பக்கமும் வேலி நெருக்குகிற இட்டேரி, சரளை, பள்ளம், வாய்க்கால். ஆனால் முதலில் ஒருவர் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இட்டேரியில் வண்டி திரும்ப இடம் இருக்காது, தாழ்ந்து தொங்கும் கரண்ட் கம்பி கூரைப் பெட்டியில் உரசலாம், எதிரே டிராக்டர் வந்தால் ஒன்பது வண்டியும் ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஒன்பது அதிகம். குழந்தைகளோடு முப்பது பேர் ஆகிவிடும், முப்பது பேரை ஒரு தோட்டத்துக்காரர் விருந்தாளியாகப் பார்க்க மாட்டார், கூட்டமாகத்தான் பார்ப்பார். இரண்டு அணியாகப் பிரியுங்கள், பக்கத்துப் பக்கத்து ஊர்களில் தங்குங்கள், பகலில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: ஏனுங்க, எங்களுக்கு வெள்ளகோவில் பக்கம் கொறங்காடு இருக்குதுங்க. போன வருசம் வேனில் வந்த ஒரு கூட்டத்துக்கு இடம் கொடுத்தோம். காலையில் போய்ப் பார்த்தால் பாட்டில் சில்லு கிடக்குது, கடவைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க, மாடு ரோட்டுக்கு வந்திருச்சு. இப்ப வேற ஒருத்தர் ஆறு வண்டிக்கு இடம் கேக்கறாருங்க. கொடுக்கலாமா?
– வாசகர், வெள்ளகோவில்

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் போட நினைத்தேன், அவினாசித் தம்பியின் கேள்விக்குப் பின்னால் வந்தால் அவர் இரண்டு தடவை படிப்பார் என்று இங்கே வைத்தேன்.

கொடுங்கள், ஆனால் உங்கள் நிபந்தனையில் கொடுங்கள். கொறங்காடு சும்மா கிடக்கிற நிலம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடுகிறார்கள். அது காங்கேயம் மாட்டின் சோறு என்பதை வாயைத் திறந்து சொல்லுங்கள். புல் நிற்கிற இடத்தில் ஒரு சக்கரம்கூட ஏறக்கூடாது, கடவுக்குப் பக்கத்தில் ஒரு மூலையையோ, அறுவடை முடிந்த வெறுங்காட்டையோ, களத்தையோ காட்டி இங்கேதான் என்று சொல்லிவிடுங்கள்.

இதற்குப் புல்லைக் காப்பாற்றுவது மட்டும் காரணமில்லை. இப்போது வரும் பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைப் போக்கியில் ஒரு வடிகட்டி இருக்கும், சேர்ந்த கரியை அது தானே எரித்துச் சுத்தம் பண்ணும்போது சூடு 600 டிகிரி அளவுக்குப் போகும். அந்தச் சமயத்தில் காய்ந்த கொழுக்கட்டைப்புல் மேல் வண்டியை நிறுத்தினால் தீக்குச்சியே வேண்டாம். வண்டிக்காரர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது, நீங்கள் சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வார்கள். சோளத்தட்டுப் போர் பக்கம் அடுப்பே கூடாது. நெருப்பு வேண்டுமென்றால் தரையில் போடாமல் இரும்புத் தொட்டியில், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரோடு, தூங்கப் போகுமுன் முழுக்க அணைத்துவிட வேண்டும்.

காசு வாங்கக் கூச்சப்படாதீர்கள். வண்டிக்கு இவ்வளவு என்று பேசி முன்பணமும் வாங்குங்கள், காலையில் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுங்கள். கண்ணாடி பாட்டில் வேலிக்குள் வரவே கூடாது. மாட்டுக் குளம்பில் சில்லு ஏறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல கூட்டமாக இருந்தால் அவர்கள் சமைத்த அரிசிம்பருப்பு உங்கள் வீட்டுக்கும் ஒரு பாத்திரம் வரும், அந்த மாதிரி ஆட்களும் நிறைய இருக்கிறார்கள். ஒரு கூட்டம் கெடுத்ததற்காகக் கடவை அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் இந்த வேன் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறார். இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வா என்கிறார். எனக்குக் கக்கூஸ் கவலைதான் பெரிசு. அப்புறம் வேனுக்குள் கேஸ் அடுப்பு பாதுகாப்பா?
– வாசகி, கோபி

பதில்: அம்மணி, கக்கூஸ் கவலையைச் சின்னக் கவலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெண்கள் வராமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான், ஏற்பாடு செய்கிற ஆண்கள் அதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கையில் தூக்கக்கூடிய கேசட் கழிப்பறை இருக்கிறது, கீழ்த்தொட்டி ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, அதனால் எங்கே கொட்டுவது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடிக்கச் சொல்லுங்கள். கிணற்றுப் பக்கம், வாய்க்கால் பக்கம் கூடவே கூடாது. தோட்டத்து வீட்டு செப்டிக் டேங்கில் கேட்டுக்கொண்டு ஊற்றலாம், அப்போது உள்ளே போடுகிற மருந்து ஃபார்மலின் சேராத வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்த டேங்கில் கழிவை மக்க வைக்கிற கிருமிகளைக் கொன்றுவிடும். கழிப்பறைக் கூடாரம் ஒன்று தனியாக, ஜிப் உள்ளிருந்து பூட்டுகிற மாதிரி, வழியில் ஒரு விளக்கோடு. இதில் சமாதானம் ஆகாதீர்கள்.

தண்ணீரையும் கூடவே கொண்டு போக வேண்டும். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் பார்க்காத ஊர்கள் நம் பக்கம் உண்டு, அங்கே போய்க் குளிக்க இரண்டு தொட்டி கேட்பது நியாயமில்லை.

அடுப்பை வேனுக்கு வெளியே வையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படுக்கைக்கு அடியில் போய்த் தங்கும், ஜன்னல் திறந்திருக்கிறது என்று நம்ப முடியாது. அதைவிட மோசம் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை பக்கம் ரோட்டோரம் நிறுத்திய ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள், ஜெனரேட்டரின் புகை உள்ளே வந்திருக்கிறது. அதனால் ராத்திரி ஜெனரேட்டர் ஓட்டுகிற வண்டிக்குப் பக்கத்தில் உங்கள் வேனை நிறுத்த விடாதீர்கள், குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதைப் பற்றி யாரும் பேசவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் டயருக்குச் செலவழிப்பதில் அது ஒரு சின்னப் பங்குகூட இல்லை.

கேள்வி: நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் லாரிக்கே பாடி கட்டுகிறார்கள். என் வேனின் பின்சீட்டை எடுத்துவிட்டுக் கட்டில், சமையல் மேடை, கூரையில் கூடாரம் போடுவது சட்டப்படி சரியா?
– வாசகர், இராசிபுரம்

பதில்: பட்டறைக்காரர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை, சிக்கல் ஆர்.சி. புத்தகத்தில். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொல்லிவிட்டது. சீட்டைக் கழற்றினால் இருக்கை எண்ணிக்கை மாறும். மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்று தனித் தரநிலை இருக்கிறது. முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்து மூலம் கேளுங்கள், பிறகு இன்சூரன்ஸ், அதற்குப் பிறகு பட்டறை. வெல்டிங் எதுவும் இல்லாமல் தூக்கி இறக்கக்கூடிய பெட்டிகளாகச் செய்துகொண்டால் மனசும் லேசு, வண்டியும் லேசு. நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ, அதைக் கூரையில் ஏற்றினால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது தெரியும். கனமானதெல்லாம் கீழே, அச்சுகளுக்கு நடுவில்.

கேள்வி: உடுமலைப் பக்கம் கரிசலில் மழைக்கு அப்புறம் மாட்டிக்கொண்டால்?
– வாசகர், உடுமலை

பதில்: மழை பெய்த கரிசலுக்குள் போகாதீர்கள், ஒரு நாள் வெயில் அடித்தால் அதுவே வழி விடும். மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை விடுங்கள், சக்கரம் சுத்தச் சுத்த வண்டி உட்காரும். டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. பக்கம் இறக்குங்கள், சக்கரத்துக்கு முன்னால் மண்ணைத் தோண்டித் தென்னை மட்டையோ சாக்கோ போடுங்கள், டிஃப் லாக் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்ந்தே சுற்ற வைக்கிற பூட்டு) இருந்தால் போட்டு லோ கியரில் மெதுவாக எடுங்கள். கயிறு கட்டி இழுப்பதாக இருந்தால் சேஸில் உள்ள கொக்கியில்தான், டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் ஒருபோதும் வேண்டாம், அது பிய்த்துக்கொண்டு பறந்தால் ஆள் தப்ப மாட்டார். கயிற்று நீளத்தில் ஒன்றரை மடங்கு தூரம் எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும், முக்கியமாக வீடியோ எடுப்பவர். இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கூப்பிடுங்கள், அதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. தார் ரோடு ஏறுமுன் காற்றைத் திரும்பப் பிடித்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளி விடுமுறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆடியில் போகலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை உங்களுக்குத் தெரியாதா? உடுமலையிலிருந்து தாராபுரம் வரைக்கும் காற்றாலை நிற்பதே அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், வேனின் பக்கவாட்டுப் பந்தல் எந்த மூலைக்கு? போயே ஆகவேண்டும் என்றால் வண்டியின் மூக்கை மேற்கே பார்த்து நிறுத்துங்கள், பந்தலை விரிக்காதீர்கள், கூரைக் கூடாரத்தில் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள், திறந்த நெருப்பு அறவே வேண்டாம். மார்கழி, தை இரண்டும்தான் நல்ல மாசம். அதற்கு இப்போதே ஒரு தோட்டத்துக்காரரைப் பார்த்துப் பேசி வைத்துவிடுங்கள்.